வேதக்காரி வீட்டு வேப்பிலை

விஷக்காய்ச்சல் பரவிய 1918. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் வாசலில் வேப்பிலை தொங்குவதைப் பார்த்ததும் பவுனம்மாளுக்குச் சுருக்கென்றது.

வேப்பிலை கட்டினால் உள்ளே யாருக்கோ அம்மை. வெளியாள் படியேற மாட்டார். ஆனால் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் மாரியாத்தாளுக்கு எப்போது பயந்தாள்? காய்ச்சல்காரரை ஒளித்துவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காதிருக்கக் கட்டியிருக்கிறாளோ?

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியருகே போனாள்.

"ஏம்மா பிலோமினா, யாருக்கு அம்மை?"

"யாருக்கும் இல்லக்கா."

"மறைக்காத. உன் வீட்டுக்காரருக்குத்தானே காய்ச்சல்? ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்குத் தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவாருன்னு ஒளிச்சு வச்சிருக்க!"

"அவரு வேலைக்குப் போயிருக்காருக்கா. புள்ளைங்களும் நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்புறம் வேப்பிலை எதுக்கு? உனக்கும் எங்க ஆத்தாவுக்கும் என்ன சம்பந்தம்?"

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னக்கா செய்யறது? அடுப்புக்கு நெருப்பு வாங்க தினமும் உள்ள வரீங்க. வராதீங்கன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. நான் சொன்னா கோவிச்சுக்குவீங்க. ஆத்தா சொன்னா கேப்பீங்கன்னுதான் கட்டினேன்."

"ஏன்டி, நான் வந்தா உனக்கு என்ன?"

ஊருக்குத் தெரியாமல் பவுனம்மாள் தன் வீட்டு உள்ளறையில் பூட்டி வைத்திருந்த புருஷன், அப்போதுதான் விடாமல் இருமத் தொடங்கினான்.