உப்பு இல்லாத படம்

கண்ணாயிரம் சி.டி.யை மேஜைமேல் வைத்தார். பிறகு ஸ்டூடியோ கதவை அவரே சாத்தினார்.

"ஏம்மா ஜான்சி, இதுல எங்க உப்பளத்துப் படம் இருக்குது. சிங்கப்பூர் மாப்ள லீவுல வந்தப்ப எடுத்தது. படத்துல உப்புக் குவியல் மட்டும் இருக்கக் கூடாது."

"குவியல் எங்க போச்சாம்?"

"மழையில கரைஞ்சு போச்சு."

அந்த நவம்பர் மழையில் மரக்காணத்தில் பலருடைய உப்பு கரைந்திருந்தது. கண்ணாயிரத்தின் உப்பு கரையவில்லை. மேட்டில் குவித்து, கீற்றுப் போட்டு மூடியிருந்தார். இப்போது உப்பு கரைந்தவர்களுக்கு நிவாரணம் அறிவித்துவிட்டார்கள்; மனுவோடு உப்பளத்தின் படமும் வைக்க வேண்டும். முன்யோசனைக்கு இப்படியொரு தண்டனை வரும் என்று அவர் நினைக்கவில்லை.

ஜான்சி சி.டி.யைப் போட்டாள். எதையோ தட்டினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு வரி.

கண்ணாயிரம் அதைப் படிப்பவர்போல் சற்று நேரம் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்லுது?"

"திறக்காதாம்."

"சிங்கப்பூர்ல வாங்கின புத்தம்புது கேமராம்மா!"

"அதாங்க பிரச்சனை. இது ரா ஃபைலு. பச்சை மீனு மாதிரி. ஆஞ்சு குடுக்க சாஃப்ட்வேர் வேணும். என்னுது பழசு. இப்படி ஒரு கேமரா வந்திருக்குதுன்னே அதுக்குத் தெரியாது."

கண்ணாயிரம் அங்கிருந்தே சிங்கப்பூருக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை அதையே சொன்னான். "ஆமா மாமா, புது கேமரா ஃபைலு பழைய சாஃப்ட்வேர்ல வராது. என்கிட்ட காப்பி இல்ல. கார்டை அழிச்சிட்டேன்."

"அப்போ நீயே வந்து எடும்மா. அப்புறம் குவியலை அழிச்சிடு."

"என்னுது பிலிம் கேமரா. பிலிம்னா நெகடிவும் சேர்த்து வைக்கச் சொல்றாங்க. நெகடிவ்ல குவியல் நிக்குமே."

கண்ணாயிரம் தலையில் கை வைத்தார். மனு கொடுக்க நாளை மறுநாள் கடைசி.

"எதிர்ல இருக்கறதுதாங்க பிலிம்ல விழும்" என்றாள் ஜான்சி. "எடம் காலியா இருந்தா காலியா விழும்."

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

மறுநாள் மாலை ஜான்சி கேமராவோடு போனபோது உப்பளம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கண்ணாயிரம் பெருமையாகச் சொன்னார். "எக்கியார்குப்பத்துல எறால் கொட்டகை ஒண்ணு பூட்டிக் கெடக்குதுல்ல, அதுக்குள்ள அடைச்சிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே."

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி."

"சரி, மூஞ்சியைக் கொஞ்சம் சோகமா வைங்க."

"வர மாட்டேங்குதும்மா."

எப்படியோ வந்தது. படத்தில் எல்லாம் இழந்த மனிதராக நின்றார். ஊரில் முதலில் ஏற்கப்பட்ட மனு அவருடையதுதான்.

அடுத்த வாரம் மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்தார். இப்போது முகத்தில் சோகம் கேட்காமலேயே இருந்தது.

"கொட்டகை காலிம்மா. பூட்டு பூட்டினபடி தொங்குது. பின்னாடி தகரத்தைக் கழட்டி, மொத்தத்தையும் வாரிட்டுப் போயிட்டானுங்க."

"ஐயையோ. ஸ்டேஷனுக்குப் போனீங்களா?"

"போனேன். 'யோவ், உன் உப்புதான் மழையில போயிடுச்சே, கரைஞ்ச உப்பை எவன்யா திருடுவான்'னு ஏட்டு சிரிக்கிறாரு."

ஜான்சி சிரிக்கவில்லை.

"அந்த சி.டி.ல உப்பு இருக்குதேம்மா. காட்டினா நம்புவாங்கல்ல?"

"அதான் திறக்கலியே. திறந்தா மட்டும்? மனு பொய்னு உங்களைத்தான் முதல்ல பிடிப்பாங்க."

கண்ணாயிரம் யோசித்தார்.

"திறக்காததே நல்லதும்மா. அதை நீயே உடைச்சுப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை ஜான்சி பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவள் தம்பி பிரபு.

"அக்கா, கடைசி லோடும் எறக்கியாச்சு. மழைத் தண்ணி படாத உப்புன்னு ஏவாரி கண்ணுல ஒத்திக்கிறாரு."

"கீத்துப் போட்டு மூடி வச்ச உப்புடா" என்றாள்.

சி.டி.யை உடைக்குமுன் ஒருமுறை கணிப்பொறியில் போட்டாள். தீபாவளிக்கு வாங்கிய புது சாஃப்ட்வேர், அவர் சி.டி. கொண்டுவந்த அன்று போலவே இன்றும் தயங்காமல் திறந்தது. வரிசையாக உப்புக் குவியல்கள்.

கண்ணாயிரத்துக்கு அன்று காட்டிய பெட்டியில், பிரிண்டரில் பேப்பர் இல்லை என்றுதான் எழுதியிருந்தது.