தேடாத இடம்

"நீங்கல்லாம் ஒரு டாக்டரா?"

அந்த அம்மா எக்ஸ்ரே படத்தை மேஜை மேல் வீசினாள். கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எக்ஸ்ரே டாக்டர் படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினார். எட்டு மாதத்துக்கு முன்பு ஸ்டூலிலிருந்து விழுந்து, விலாவில் வலி என்று வந்தவருடைய படம்.

"வேற டாக்டர்கிட்ட காட்டினேன். இதோ, நுரையீரல் மேல்பக்கத்துல வெள்ளையா கட்டி. 'சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும்'னார். உங்க கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

டாக்டர் அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

"எலும்பு உடைஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லி வந்தாரும்மா. நான் எலும்பை மட்டும் ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே போனேன். ஒண்ணைத் தேடும்போது பக்கத்துல இருக்கறது கண்ணுக்குப் படறதில்ல. தப்பு என்னோடதுதான். புகார் குடுங்க."

சண்டைக்கென்றே வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மகளுக்குத் தலைப்பிரசவம். என் கவனமெல்லாம் அவ மேலயே. எதிர்ல உக்காந்து சாப்பிட்ட மனுஷன் பாதியா இளைச்சிருக்காரு. பெல்ட்டுல புதுசா ஓட்டை போடணும்னு ஆணி கேட்டாரு சார். எடுத்துக் குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல..."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இதுக்குன்னே படிச்ச என் கண்ணே ஏமாந்துடுச்சு. உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களை என்னால மன்னிக்க முடியாது."

"வேண்டாம்மா."

அவள் படி இறங்கிப் போனதும், படம் எடுக்கும் பெண் உள்ளே வந்தாள்.

"ஏன் சார் இப்படிச் சொன்னீங்க? அன்னைக்கே கட்டியைப் பாத்துட்டு, அவரைத் திரும்பக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்களே! 'கை விரிச்சிட்டாங்க சார், மக பிரசவம் முடியற வரைக்கும் வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்'னு அவர் இங்க நின்னு கையெடுத்துக் கும்பிட்டதை நானும்தானே பாத்தேன்?"

டாக்டர் விளக்கை அணைத்தார்.

"புருஷன் அத்தனை மாசம் மறைச்சு வச்சாருன்னு தெரிஞ்சா, பக்கத்துலயே இருந்தும் கண்டுபிடிக்கலயேன்னு காலம்பூரா தன்னையே திட்டிக்குவாங்க. அதுக்குப் பதிலா என்னைத் திட்டட்டும்."