கதவு மணி கட்டிய பேருந்து

மேட்டுத் தெருவில் பனி, மாவு சலிப்பதுபோல் விழுந்துகொண்டிருக்கிறது. ராசிமின் ரொட்டிக் கடைக்குள் ஏழு பேர் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான புரெக் அடையைக் கடித்தபடி பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். டீசல் வண்டி முக்கி முனகி மேடேறும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து கோட்டை மாட்டுவது சரயேவோவின் இந்தப் பக்கத்து வழக்கம். வாசலிலோ புது மின்சாரப் பேருந்து, விளக்கெரிய, மூச்சுக் காட்டாமல் நிற்கிறது. மூன்று நாளாக இங்கிருந்து காலியாகவே போகிறது. இந்த வாரத்துக்குள் ஆள் ஏறாவிட்டால் பழைய வண்டியையே திரும்ப விடப்போகிறது நகராட்சி. ஓட்டுநர் செனாடா இறங்கி வந்து கடைக் கதவைத் தள்ளுகிறாள். கதவு மணி கிணுகிணுக்கிறது. அவள் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்கிறது. "வண்டி வந்து நிக்குது! வெத்தல பாக்கு வச்சுதான் கூப்பிடணுமா?" என்கிறாள். "சத்தமே கேக்கலியேம்மா. பூனை மாதிரி வந்தா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே ராசிம் கதவிலிருந்த பித்தளை மணியைக் கழற்றி நீட்டுகிறார். "இதக் கட்டிக்கிட்டுப் போ." ஏழு பேரும் ஏறுகிறார்கள். பக்கக் கண்ணாடியின் கம்பியில் மணி ஆட, பேருந்து வெண்மைக்குள் மிதந்து போகிறது. புகையில்லை, இரைச்சலில்லை, மேய்ந்து திரும்பும் ஆடு ஒன்றின் கிணுகிணுப்பு மட்டும். மேலே, அடுத்த நிறுத்தத்துக் காபிக் கடையில், கிணுகிணுப்பு கேட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த யாரோ எழுந்து கோட்டை மாட்டுகிறார்.