வரிசைப்படி

பெருந்தொற்றில், மருத்துவமனைப் படுக்கைக்குக் காத்திருந்தே அத்தை இறந்துபோனாள். அந்த ஆத்திரத்தில் இதழியல் மாணவி தன் கட்டுரையை முன்கூட்டியே எழுதி முடித்திருந்தாள். படுக்கைகள் அதிகாரிகளின் வீட்டாருக்கே முதலில் போகின்றன என்பதைச் சுகாதார அதிகாரியின் வாயாலேயே வரவழைப்பது மட்டும் பாக்கி.

பேட்டியைப் பலமுறை தட்டிக்கழித்துவந்தவர் இன்று முகக்கவசத்துடன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பெட் எப்படி சார் குடுக்கறீங்க?"

"வரிசைப்படிதாம்மா."

"பெரிய இடத்துக்காரங்களும் வரிசையிலதான் நிக்கறாங்களா?"

"என் சம்சாரம் பேரே வரிசையிலதான் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? இப்ப கிடைச்சிடுச்சா?"

"காலையிலதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. பெட் ரெடி, கூட்டிட்டு வாங்கன்னாங்க."

ஆள் சிக்கிக்கொண்டார் என்று அவள் பேனாவை அழுத்தி எழுதினாள்.

"எங்க அத்தைக்குக் கடைசிவரைக்கும் அந்த போன் வரவே இல்ல சார். உங்களுக்கு வந்துடுச்சு. ராசிக்காரர்தான்."

அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார்.

"அடுத்து இருக்கறவங்களுக்குக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டேம்மா. அவளை நேத்தே அடக்கம் பண்ணியாச்சு."