நாலாவது டம்ளர்

"கம்பியை ஒழுங்காக் கழுவினியா இல்லியா?"

"மூணு தடவை கழுவிட்டேன்ப்பா."

"அப்புறம் எப்படி இந்த அளவு வரும்? கவனக்குறைவு!"

அறிவியல் கண்காட்சி. நடுவரம்மா இரண்டு மேசை தள்ளி நின்றார். அவர் தலையசைத்தால் அடுத்த சுற்று; இல்லையென்றால் ஆறு மாத உழைப்பை அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குத் தூக்க வேண்டியதுதான்.

மகள் செய்திருந்தது எரிபொருள் மின்கலம். திரவத்தில் இரண்டு கம்பிகள். பேட்டரியைச் சற்று நேரம் இணைத்தால் கம்பிகளில் குமிழி கட்டும். பேட்டரியை எடுத்த பிறகு அந்தக் குமிழிகளே மின்சாரம் தரும். உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, குழாய்த் தண்ணீர் மூன்றும் சொன்னபடி கேட்டன.

நாலாவது டம்ளர்தான் மானத்தை வாங்கியது. காய்ச்சி வடித்த நீர்; உப்பே இல்லாததால் மின்சாரம் பாயாது. நேற்றுவரை மீட்டர் முள் அசையவே இல்லை. இன்று குழாய்த் தண்ணீருக்குச் சமமாக எகிறியது.

"பேசாம நேத்து வந்த அளவையே சொல்லிடு."

"பொய் சொல்லவாப்பா?"

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனாலும் ஊரைக் கூட்டுவார். இப்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மேசையில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், தண்ணீர் பாட்டிலைத் தவிர.

நடுவரம்மா வந்தேவிட்டார். நாலாவது டம்ளரில் முள் துள்ளியது.

"என்னம்மா இது? வரக்கூடாதே!"

அப்பா மறுபடி கம்பியைத் துடைக்கப் போனார்.

மகள் பாட்டிலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஒரு நொடி தயங்கினாள்.

"இது சுத்தமான காய்ச்சி வடித்த நீர் இல்ல மேடம். குழாய்த் தண்ணி கலந்திருக்கு. என் மின்கலமே காட்டிக் கொடுத்துடுச்சு."

"யார் கலந்தது?"

"பாட்டிலைச் சரிபார்க்காம எடுத்து வந்தது என் தப்பு மேடம்."

நடுவரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டார்.

"அடுத்த சுற்றுக்குப் புது பாட்டில் வாங்கிட்டு வா."

அவர் நகர்ந்ததும் அப்பா பெருமூச்சு விட்டார். "பார்த்தியா? இதுக்குத்தான் கவனம் வேணும்னு தலைபாடா அடிச்சுக்கறேன்."

மகள் அவருடைய சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

"சட்டை கசங்கவே இல்லப்பா, பிரமாதம். இனிமே நீராவி இஸ்திரிப் பெட்டிக்கு என் தண்ணியை எடுத்தா, பாட்டிலைக் காலியாவே வச்சிடுங்க. குழாயில பிடிச்சு நிரப்பி வைக்காதீங்க."