மேலே மோட்டார் ரூம்

“மேல இருக்கிறவரு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருக்காரு” என்றாள் மனைவி, டிபன் டப்பாவை மூடியபடி.

“லிஃப்ட் மெக்கானிக் நான் தினமும் மேல போறேன்டி. அங்க மோட்டார் ரூம்தான் இருக்கு.”

“பத்துத் தடவை வேண்டினா கேட்பாரு.”

“பட்டனைப் பத்துத் தடவை அமுக்கினா லிஃப்ட் வேகமா வந்துடுமா?”

சிரித்துக்கொண்டே போனவர், அன்றே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அவர் வேலை பார்த்த கட்டடத்துக்கு, அவருடைய பொருள்களை வாங்கிப்போக வந்த மனைவியிடம் வாட்ச்மேன் சொன்னார்: “மோட்டார் ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு தினமும் கும்பிடுவாரும்மா. ‘அவளுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக்கோ, அவ இல்லாம எனக்கு ஒரு டீ போடக்கூடத் தெரியாது’ன்னு. பத்துத் தடவை! செருப்பு இன்னும் மேலதான் கிடக்கு.”

“அடப் பாவி மனுஷா! என்கிட்ட மட்டும்தான் நாத்திகமா?”

செருப்பை எடுத்துவர, லிஃப்ட் பட்டனைப் பத்துத் தடவை அமுக்கினாள்.

அது எப்போதும்போல மெதுவாகத்தான் வந்தது.