உச்சிக்கிளைக்குப் போன காகம்

ஆலமரத்துப் பட்டையில் மரங்கொத்தி கொத்திவைத்த சட்டம் இது: யாரும் எதையும் பேசலாம், ஆனால் இல்லாத பாம்பை இருக்கிறதென்று கத்துபவர் மரத்தைவிட்டுப் போய்விட வேண்டும்.

ஒரு காலையில் அணில் கத்தியது: "தவிட்டுக்குருவி முட்டையைத் தலைவர் காகம் குடிச்சிட்டார்! என் கண்ணால பார்த்தேன்!"

மரமே கலகலத்தது.

"இவ பீதியைக் கிளப்புறா. குட்டிகளோட கீழே இறக்குங்க!" என்றது காகம்.

மரங்கொத்தி சட்டத்தை அலகால் தடவித் தடவிப் படித்தது. "பாம்புன்னு சொன்னாளா?"

"இல்லை, என்னைச் சொன்னா."

"அதுக்குத் தடை இல்லையே, தலைவரே."

"அப்போ இப்பவே கொத்து! தலைவரைப் பத்தி யாரும் பேசக் கூடாது."

"கொத்திடலாம். புதுச் சட்டம் கேக்கிறவங்க உச்சிக்கிளையில நின்னு காரணத்தை எல்லாருக்கும் சொல்லணும். அதுதானே நம்ம வழக்கம்?"

காகம் விர்ரென்று உச்சிக்குப் பறந்தது. கிளைக்குக் கிளை தலைகள் நிமிர்ந்தன. அணில் குட்டிகள்கூடப் பொந்திலிருந்து எட்டிப் பார்த்தன. காகம் தொண்டையைச் செருமியது, இறகைக் கோதியது, மறுபடியும் செருமியது.

காலிக் கூட்டின் விளிம்பில் ஏறி நின்று தவிட்டுக்குருவி கூவியது:

"சத்தமாச் சொல்லுங்க தலைவரே, இந்தக் கூட்டுக்குக் கேக்கலை!"